வாசலில் தொங்கிய பச்சைப் பாட்டில்

பழைய என்ஜின் ஆயிலை வாங்க மாதம் தவறாமல் தேனியிலிருந்து ஆள் வருவான். செத்த பேட்டரிக்குப் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தேய்ந்த டயரைக்கூட யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். ரேடியேட்டரிலிருந்து இறக்கிய பழைய கூலன்டை மட்டும் நாய்கூடச் சீண்டாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் வேல்பாண்டி. கோம்பையில் மெயின் ரோட்டை ஒட்டி ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். விடியும் முன்பே ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை அடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஏறினால் எந்த என்ஜினும் கொதிக்கத்தான் செய்யும். அதனால் ரேடியேட்டர் வேலைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. முன்பெல்லாம் குழாய்த் தண்ணீரையே ஊற்றி அனுப்பிவிடுவோம். இப்போதைய வண்டிகளுக்கு அது ஆகாது. என்ஜின் சூட்டைத் தணிக்கப் பச்சை நிறத்தில் வரும் கூலன்டைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

இறக்கியதை என்ன செய்வது? பல வருடம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருக்கும் ஓடையில் ஊற்றினேன். ஊரே ஊற்றியது, நானும் ஊற்றினேன். பிறகு மதுரையில் மெக்கானிக்குகளுக்கு ஒருநாள் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். பிரியாணியும் ஒரு டூல்ஸ் பையும் கிடைக்கும் என்பதற்காகத்தான் போனேன். அங்கே பேசியவர், "இது விஷம். ஆனா இனிக்கும். நாய், பூனை, சின்னப் பிள்ளை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சாக்கடையில ஊத்தாதீங்க. மூடி வச்சு, வாங்குற இடத்துல குடுங்க" என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து ஓடையில் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. முப்பத்தைந்து லிட்டர் கேன் ஒன்றில் சேர்த்து, சிவப்பு பெயின்டால் 'விஷம்' என்று நானே எழுதி வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கேன் நிரம்பியது. தேனி பைபாஸில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இதையெல்லாம் டிரம்மில் சேர்த்து வைப்பார்கள், அதற்கென்று அனுமதி வாங்கிய லாரி வந்து எடுத்துப் போகும் என்று கேள்விப்பட்டு, தெரிந்த வண்டியில் கேனை ஏற்றிக்கொண்டு போனேன். டை கட்டிய ஒருத்தன் என்னை ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்தான். அப்புறம் வந்து, "அண்ணே, லாரி வர்ற அன்னைக்குத்தான் வெளி ஆளுக கொண்டு வர்றத எழுதி வாங்குவோம். மாசத்துல முதல் சனிக்கிழமை, பதினோரு மணிக்குள்ள வாங்க" என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான், மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முப்பது வருடமாக ஜீப்பைப் பிரித்து மாட்டுகிறவனை இவன் யார் போய்விட்டு வரச் சொல்ல? கேனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ முதல் சனிக்கிழமைகள் வந்தன. நான் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் பாட்டில் கட்டுகிற பழக்கம் சூடு பிடித்திருந்தது. நாய் வந்து வாசலில் காலைத் தூக்காமல் இருக்க, கலர்த் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கேட்டில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைக் கண்டு நாய் பயந்துவிடும் என்று நம்பிக்கை. எந்த மகராசன் கண்டுபிடித்தானோ தெரியாது. எதிர் வரிசையில் இருக்கும் பவுனு ஒருநாள் துணிக்குப் போடும் நீலத்தை வாளியில் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல நெறம் வெளுத்துப் போகுதுண்ணே. வாரம் ஒருக்கா மாத்த வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த நேரம் பார்த்து மூளை வேலை செய்தது. "வெளுக்காத கலரு நான் தர்றேன்" என்றேன்.

இரண்டு லிட்டர் பாட்டிலில் கூலன்டை ஊற்றி, மூடியை நானே இறுக்கிக் கொடுத்தேன். "தெறக்க மட்டும் தெறக்காத" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூடிய பாட்டில், கேட்டில் தொங்குகிறது, எங்கே போய்விடப் போகிறது? கேனில் விஷம் என்று எழுதத் தெரிந்தவனுக்குப் பாட்டிலில் எழுதத் தோன்றவில்லை. பத்து நாளில் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினாறு கேட்டில் பச்சைப் பாட்டில் தொங்கியது. வெயில் பட்டால் பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. வேல்பாண்டி கொடுத்த கலர் மங்கவே இல்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஓடையும் கெடவில்லை, தேனிக்கும் அலையவில்லை, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று என் மனைவி அனுசுயாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பாட்டில் கட்டாத ஒருசில வீடுகளில் சுருளிராஜன் வீடும் ஒன்று. அவனே நாய் வளர்க்கிறவன், எதற்குக் கட்டப் போகிறான்? சுருளி என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன், சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். முறைக்கு அவன் என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன். அவனுடைய நாய் பெயர் மைனர். அசல் கோம்பை நாய், செவலை நிறம், மூஞ்சி மட்டும் கருப்பு. ஒரு வயது முழுசாக ஆகவில்லை. மலையிலிருந்து வந்து ஆட்களை இறக்கிவிட்டதும் மைனர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்கென்று ஒரு துண்டை மடித்துப் போட்டிருந்தான். டீக்கடைக்குப் போனாலும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாலும் முன்சீட்டு மைனருக்குத்தான், அவன் பெண்டாட்டியே பின்னால்தான் ஏற வேண்டும். "நாய்க்கு வாச்ச வாழ்வ பாரு" என்று அவள் சிரித்துக்கொண்டே ஏறுவாள்.

அது கண்டதையெல்லாம் கடிக்கிற வயது. செருப்பு, விளக்குமாறு, மிதியடி எதையும் விடாது. கலர்ப் பாட்டிலைக் கண்டு எந்த ஊர் நாய் பயந்ததோ, மைனர் பயப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது சாய வீட்டுக்குத் திரும்பினேன். பவுனு வீட்டுக் கேட்டில் கயிறு மட்டும் தொங்கியது. பாட்டில் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கப் பல் பதிந்து பொத்தலாகியிருந்தது. பக்கத்தில் மண்ணில் பச்சை ஈரம். சிமென்ட் மேல் தேங்கியதை மட்டும் யாரோ துடைத்து எடுத்த மாதிரி நக்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுருளி வீட்டு வாசலில் மைனர் நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது, பின்னங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போயின. சாராயம் குடித்தவனைப் போல நாலடி நடந்து சுவரில் இடித்துக்கொண்டது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் குனிந்து அந்தப் பாட்டிலை எடுத்து நசுக்கிச் சட்டைக்குள் செருகினேன். காலால் மண்ணைத் தள்ளிப் பச்சையை மூடினேன். அதற்குப் பிறகுதான், "மாப்ள, மைனருக்கு என்னமோ ஆயிருச்சு, வந்து பாரு" என்று குரல் கொடுத்தேன்.

உத்தமபாளையத்துக்குச் சுருளி ஓட்டிய வேகத்தில் மலைப்பாதையில்கூட ஓட்டி நான் பார்த்ததில்லை. மைனர் முன்சீட்டில் கிடந்தது. நான் பின்னாலிருந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது.

கால்நடை டாக்டரம்மா கிளம்புகிற நேரம். பையைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். "எதையோ தின்னிருக்கு, இல்லைன்னா குடிச்சிருக்கு. என்னன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மருந்து கொடுத்துப் பார்க்கலாம். சில விஷத்துக்கு முதல் சில மணி நேரம்தான் டைம். ஏதாவது தெரியுமா?"

"தெரியலயே டாக்டரம்மா. மத்தியானம் கறிச்சோறு போட்டோம். நல்லாத்தான் தின்னுச்சு" என்றான் சுருளி.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க கூட வந்தவர்தானே? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நசுக்கிய பாட்டில் என் சட்டைக்குள் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பதினாறு வீட்டுக் கேட்டும் கண் முன்னால் வந்தது. விஷம் என்று தெரிந்தே கொடுத்தாயா என்று ஊர் கேட்கும். அதற்கு ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

"தெரியலைங்க" என்றேன்.

ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். புதன்கிழமை காலையில் மைனர் எழுந்து நின்றது, வாலை ஆட்டியது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. சுருளி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, "மாமா, தப்பிச்சிருச்சு மாமா. நீ மட்டும் பாக்கலேன்னா செத்திருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிள்ளையார் கோயிலில் சிதறுகாய் போட்டேன். நாய் பிழைத்ததற்கு என்று சுருளி நினைத்துக்கொண்டான். நான் பிழைத்ததற்கும் சேர்த்துத்தான் போட்டேன். அந்த விஷத்தின் வேலையே அப்படித்தானாம். நடுவில் ஒருநாள் தேறியது போலக் காட்டும், உள்ளே சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கும். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் மைனர் தலையைத் தூக்கவில்லை. மூத்திரம் நின்றுவிட்டது. மத்தியானம் சுருளி மடியிலேயே செத்துப்போனது. "கிட்னி ரெண்டும் போயிருச்சு. இது விஷம்தான்" என்று காலையில் தூக்கிக்கொண்டு போனபோதே டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

விஷம் என்ற சொல்லை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தெருக் கடைசியில் இருளம்மாள் தனியாக இருக்கிறாள். கோழி வளர்த்து முட்டை விற்கிறவள், எனக்கு அத்தை முறை. போன மாதம் மைனர் அவளுடைய இரண்டு கோழியைக் கடித்துப் போட்டதற்கு, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றி, நுரை தள்ளிச் சாவாய் என்று நாயைச் சபித்திருந்தாள். சுருளி நேரே அவள் வாசலுக்குப் போனான். நானும் பின்னால் போனேன்.

"ஏ ஆத்தா, நீதான சோத்துல வெஷத்தப் பெசஞ்சு வச்ச?"

"ஏலே, வஞ்சேன், இல்லங்கல. வாயால வஞ்சேன். கையால ஒரு வாயில்லா சீவனுக்கு வெஷம் வைக்கிறவளா நானு?"

"வேற எவ வச்சா? நீதான நொர தள்ளிச் சாகும்னு சொன்ன."

இருளம்மாள் படியிறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். "சரி. நாளைக்கு வெள்ளிக்கெழம. காலைல காளியம்மன் கோயிலுக்கு வா. சூடத்த அணச்சுச் சத்தியம் பண்றேன். அதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்?"

எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால், பிறகு யாரும் கேட்கக் கூடாது. பொய்ச் சத்தியம் செய்தவர் குடும்பம் விளங்காது என்பார்கள். உண்மை தெரிந்தும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போய், கலர் மாற்றித் தருகிறேன் என்று இன்னொரு பொய்யைச் சொல்லிப் பதினைந்து பாட்டிலையும் அவிழ்த்து வாங்கினேன். பவுனு வீட்டு வாசலில் பச்சை ஊறிய மண்ணை வெட்டிச் சாக்கில் அள்ளினேன். என் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகக் கேனில் திருப்பி ஊற்றும்போது அனுசுயா வந்து நின்றாள். கேனில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"இங்கேருங்க, இதத்தான் வாசல்ல கட்டச் சொன்னீகளா?"

நான் அடுத்த பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"நம்ம கேட்டுலயும் கட்டி வச்சிருந்தீக. எதிர் வீட்டுப் பிள்ளைக பூராம் அங்கனதான் வெளாடுதுக." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். "நாளைக்கு அந்தம்மா சூடத்துல கைய வைக்கப் போறாக."

"டக்குனு அணச்சா சுடாது."

"அதையா நான் கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் பத்துப் பேர் இருந்தார்கள். பூசாரி கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். இருளம்மாள் குளித்து ஈரத்தலையோடு வந்திருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வலது கையை ஓங்கினாள். அந்தக் கையில் முட்டைக் கூடை தூக்கித் தூக்கிக் காய்ப்பு ஏறியிருந்தது.

"அத்தே, கைய எடுங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். என்னிடமிருந்து வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. பாட்டிலில் இருந்தது என்ன என்று சொன்னேன். விஷம் என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். பொத்தல் விழுந்த பாட்டிலை எடுத்து ஒளித்ததைச் சொன்னேன். மிச்சத்தை நாளைக்கே தேனியில் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஆசுபத்திரியில் பொய் சொன்னதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சூடம் அதுபாட்டுக்கு எரிந்து கல்லில் கரியாக நின்றது.

இருளம்மாள்தான் முதலில் பேசினாள். "ஏலே வேலு, நேத்து மத்தியானத்துலருந்து நான் ஒரு வாய்க் கஞ்சி குடிக்கல. நீ என் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?" என்றாள்.

சுருளி என் அருகில் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"டாக்டரம்மா ஒன்னையவும்ல கேட்டாக" என்றான்.

"கேட்டாக."

"எம் பக்கத்துலதான நின்ன."

"ஆமா மாப்ள."

"அந்த மொறைய சொல்லாத" என்றான். பிறகு இருளம்மாளிடம் போய் அவள் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆத்தா, என்னைய மன்னிச்சிரு" என்று அழுதான். நாய் செத்தபோதுகூட அவன் அப்படி அழவில்லை.

மறுநாள் மாதத்தின் முதல் சனிக்கிழமை. கேன், காலிப் பாட்டில் மூட்டை, மண் சாக்கு, மூன்றையும் ரோட்டோரம் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏற்றுவார்களா மாட்டார்களா என்று நின்றிருந்தேன். சுருளி ஜீப் வந்து முன்னால் நின்றது.

"ஏத்து."

"நானே எப்பிடியாச்சும் கொண்டு போயிருவேன்."

"நீ தனியாப் போனா வழியில எங்கனயாச்சும் ஊத்திட்டு வந்துருவ. ஒன் பேச்ச இனிமே எவன் நம்புவான்? ஏத்து, வேல்பாண்டி."

நாற்பது வருடப் பழக்கத்தில் அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். சாமான்களைப் பின்னால் ஏற்றிவிட்டு, யோசிக்காமல் முன்பக்கம் காலை வைத்தேன். சீட்டில் அந்தத் துண்டு மடித்தபடியே இருந்தது. அதில் செவலை முடி ஒட்டியிருந்தது.

"பின்னால ஏறு" என்றான்.

ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்து, கேனை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். தேனி வரைக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தாத குறையாக மெதுவாக ஏற்றி இறக்கினான்.

சர்வீஸ் சென்டரில் அதே டை கட்டியவன்தான் இருந்தான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். "வாங்கண்ணே. அப்பவே வருவீங்கன்னு பார்த்தேன்" என்றான். கேனை வாங்கி டிரம்மில் ஊற்றச் சொன்னான். மண்ணையும் பாட்டில்களையும் தனியாக வாங்கி வைத்துக்கொண்டான். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் நான் அத்தனை மாதம் ரோஷப்பட்டிருந்தேன்.

கடைசியாக நோட்டை எடுத்தான். பேர், ஊர், எத்தனை லிட்டர் என்று எழுதினான். "எங்கயாவது சிந்துச்சா அண்ணே? சிந்தியிருந்தா அதையும் எழுதணும்" என்றான்.

சுருளி என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். டாக்டரம்மா கேட்ட அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றானோ அதே பக்கம். அவன் என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு பாட்டில் சிந்துச்சு தம்பி. ரெண்டு லிட்டரு. கோம்பையில, எங்க தெருவுல. ஒரு நாய் குடிச்சுச் செத்துப்போச்சு" என்றேன்.

அவன் பேனா நின்றது. "யாரு நாய்ண்ணே?"

நான் சொல்வதற்குள் சுருளி ஜீப்பை நோக்கி நடந்துவிட்டான். வண்டியை ஸ்டார்ட் செய்து எனக்காகக் காத்திருந்தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலிக் கேனோடு போய், அவன் சொல்லாமலே பின்னால் ஏறிக்கொண்டேன்.